சொலாஞ்ச் உள்ளே போயிருக்கிறாள்

கதவு சாத்திக்கொண்டது. இனி அவள் பாடு, உள்ளே உட்கார்ந்திருக்கும் அந்த அதிகாரி பாடு. போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. பரீட்சை ஹாலுக்குள் போகிற பிள்ளைகளில் இரண்டு ரகம் உண்டு. வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறது ஒன்று, கழுத்தை வளைக்காமல் நேரே போய் உட்காருகிறது இன்னொன்று. இத்தனை வருஷம் டீச்சர் வேலை பார்த்ததில் நானாகக் கண்டுபிடித்த ஒரே உண்மை, திரும்பிப் பார்க்கிற பிள்ளை எப்படியாவது பாஸாகிவிடும் என்பதுதான். நேரே போகிறதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. என் மகள் சொலாஞ்ச் சின்ன வயசிலிருந்தே நேரே போகிற ரகம். பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் நாளே என் கையை உதறிவிட்டுப் போனவள். அன்றைக்குப் பெருமையாக இருந்தது, இன்றைக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம் என்று இருக்கிறது. பயப்பட என்ன இருக்கிறது, எல்லாம்தான் சொல்லிக்கொடுத்தாகிவிட்டதே. பாண்டிச்சேரியில் எங்களைப் போல் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டுப் பெண், அது இல்லாத பையனைக் கட்டிக்கொள்வதென்றால், கல்யாணத்துக்கு முன்னால் தூதரகத்தில் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். மனசார நடக்கிற கல்யாணமா, பாஸ்போர்ட்டுக்காகக் கட்டுகிற தாலியா என்று தெரிந்துகொள்ளத்தான். எங்கே சந்தித்தீர்கள், யார் முதலில் பேசியது, அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், அவர் அம்மா பேர் என்ன. ஏற்கெனவே போய் வந்தவர்களையெல்லாம் பிடித்துக் கேட்டு, மாதிரி வினாத்தாள் ஒன்றைத் தயார் செய்து, சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் எதிரும் புதிருமாக உட்கார வைத்து ஒப்பிக்க வைத்தது நான்தான். பழக்க தோஷம். மாப்பிள்ளை தணிகைவேல் முதலில் போய் வந்துவிட்டான். எதிர் நாற்காலியில் அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏசி ஓடுகிற அறையில் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். "எல்லாம் நீங்க சொன்ன கேள்விதான் அத்தை. ஒண்ணுகூட வெளிய இருந்து வரல" என்று சொன்னபோது அவன் முகத்தில் என் பழைய மாணவர்கள் அத்தனை பேரும் தெரிந்தார்கள். நல்ல பையன்தான். நல்ல பையன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது இன்றைக்கு எத்தனாவது தடவை என்று தெரியவில்லை.

மூலையில் ஒரு பெண்ணின் தலைச்சிலை வைத்திருக்கிறார்கள். குல்லா போட்ட மரியான், குடியரசுக்கு முகம் என்று ஒன்று இருந்தால் இதுதான் என்று பிரெஞ்சுக்காரர்கள் வைத்துக்கொண்ட முகம். அதற்கு மேலே அந்த மூன்று வார்த்தைகள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். கரும்பலகையில் இவற்றை எழுதி எழுதியே என் வலது தோள் இறங்கிப்போயிருக்கிறது. பிரெஞ்சு வழிப் பள்ளியில் சரித்திர டீச்சர் என்றால் வருஷா வருஷம் ஒரு புரட்சியை நடத்தியாக வேண்டும். பாஸ்தில் சிறையை இடிக்க வேண்டும், ராஜாவின் தலையை வாங்க வேண்டும், எல்லாவற்றையும் அரையாண்டுப் பரீட்சைக்குள் முடித்தாக வேண்டும். நான் நன்றாகவே நடத்துவேன். மனித உரிமைப் பிரகடனம் வருகிற இடத்தில் சாக்பீஸை மேஜை மேல் வைத்துவிடுவேன். உரிமை என்பது ராஜா மனசு வைத்துக் கொடுத்த மானியம் கிடையாது, பிறக்கும்போதே கூட வந்தது என்பேன். அதுவரை பிரஜை, கொடுத்ததை வாங்கிக்கொண்டு கும்பிட்டவன், அதற்குப் பிறகு குடிமகன், கேட்கத் தெரிந்தவன், உலகத்தில் எந்த மூலையில் ஒருத்தன் 'எனக்கு உரிமை இருக்கிறது' என்று சொன்னாலும் அந்தக் குரலில் பாரிஸின் அந்தக் கோடைக்காலம் கொஞ்சம் கலந்திருக்கிறது, நம் அரசியல் சாசனத்தின் முகப்பைப் பாருங்கள், இதே மூன்று வார்த்தைகள் அங்கேயும் இருக்கின்றன என்பேன். சொல்லும்போது எனக்கே மயிர்க்கூச்செறியும். அடுத்த நிமிஷமே, பத்து மார்க் கேள்வி, கண்டிப்பாக வரும், அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். ஒரு வருஷம் என் வகுப்பில் சொலாஞ்சும் உட்கார்ந்திருந்தாள், பதின்மூன்று வயசு, இரட்டைப் பின்னல். கையைத் தூக்கினாள். "டீச்சர், பிரான்ஸ்ல பொம்பளைங்களுக்கு எப்போ ஓட்டு குடுத்தாங்க?" பள்ளியில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். 1944 என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்போ அந்தப் பிரகடனத்துல மனிதன் மனிதன்னு சொன்னது ஆம்பளைய மட்டுமா?" வகுப்பு சிரித்தது. நான் சமாளித்தேன். ரொட்டி கேட்டு மழையில் நனைந்துகொண்டே ராஜாவின் அரண்மனைக்கு நடந்துபோனவர்கள் பாரிஸ் சந்தைப் பெண்கள்தான் என்று சொன்னேன். பெண்களுக்கும் உரிமை என்று தனியாக ஒரு பிரகடனம் எழுதிய பெண்மணியின் தலையை அதே புரட்சி வெட்டியது என்று சொல்ல வாயெடுத்தேன், மணி அடித்துவிட்டது. மறுநாள் ஞாபகமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது சிலபஸில் இல்லை.

எங்கள் வீட்டுக்கு சித்வாயேன் என்று பேர். என் பேர் க்ளோத்தில்த் சித்வாயேன். சித்வாயேன் என்றால் பிரெஞ்சில் குடிமகன். இது கொள்ளுத்தாத்தா தேடிக்கொண்ட பேர். 1881இல் ஒரு சட்டம் வந்தது. சாதி வழக்கப்படி நடக்கும் தனிச் சட்டம் எனக்கு வேண்டாம், பிரெஞ்சுச் சிவில் சட்டமே போதும் என்று ஒருவன் எழுதிக் கொடுத்துவிட்டு, பரம்பரைக்கு ஒரு புதுப் பேரையும் வைத்துக்கொள்ளலாம். 'துறந்தவர்கள்' என்று எங்களைச் சொல்வது அதனால்தான். வசதி உள்ளவர்கள் எதைத் துறப்பார்கள், அவர்களுக்கு இருந்ததெல்லாம் லாபமாயிற்றே. துறக்கப் போனவர்கள் பெரும்பாலும் எங்களைப் போல் சேரியிலிருந்து போனவர்கள்தான். கொள்ளுத்தாத்தா பாகூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஊர்த்தெரு வழியாகப் போனால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் பாண்டிக்கு ஓடிவந்து ஏதோ ஒரு அலுவலகத்தில் பங்கா இழுத்தார். என்ன பேர் வேண்டும் என்று அதிகாரி கேட்டபோது, பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதிக் கூட்டத்தில் வெள்ளைக்காரர்கள் ஒருவரையொருவர் விளித்த வார்த்தை காதில் நின்றிருந்ததாம், அதையே சொல்லிவிட்டாராம். நிஜமோ கட்டிவிட்டதோ, அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேர் கிடைத்தது, ஆனாலும் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வாக்காளர் பட்டியல், நம்மவர்களுக்கு ஒன்று என்று சமத்துவத்தையும் இரண்டாகப் பிரித்துத்தான் கொடுத்தார்கள். ஆனால் செருப்பு காலுக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்றைக்கு முதல் சட்டை வாங்குகிறோமோ இல்லையோ, முதல் செருப்பு வாங்கிவிடுவோம். உள்ளங்கையில் அடங்கும், கால் தரையிலேயே படாத பிள்ளைக்கு. சொலாஞ்சுக்கு வாங்கியது சிவப்பு.

அதனால்தான் நான் ஏமாந்தேன். ஜனவரியில் இந்த வேதவல்லியம்மாள், தணிகைவேலின் அம்மா, தாம்பாளத்தோடு எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். பாகூர்ப் பக்கம், அதே ஊர், அதே ஊர்த்தெரு. அந்தத் தெருக்காரர் என் வாசலில் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். கழுத்தில் இருந்த தங்கமோ கொண்டுவந்த பழமோ என் கண்ணில் படவில்லை. அந்தப் பழுப்பு நிறச் செருப்புதான் கண்ணிலேயே நின்றது. அவர்கள் போன பிறகும் கொஞ்ச நேரம் வாசலில் அது கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொள்ளுத்தாத்தா, பார்த்தீரா என்று சத்தமாகவே சொன்னேன். பாரிஸில் ஆரம்பித்த புரட்சி பாகூர் வந்து சேர இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, ஆனாலும் வந்துவிட்டது, என் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போகிறது என்று அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. சந்தோஷத்தில்தான். சொலாஞ்ச் அன்றைக்கு என்ன முகத்தோடு இருந்தாள் என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. தட்டு எடுத்து வந்தாள், அது நினைவிருக்கிறது. பேக்கரி வேலையில் மாவு ஒட்டிய நகம் நினைவிருக்கிறது. முகம் வரவில்லை.

தொண்டை கமறுகிறது. ஏசிக் காற்று நேரே என் தலையில் அடிக்கிறது. இருமினேன். வேதவல்லியம்மாள் கூடையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து, மூடியில் காபி ஊற்றி மகனிடம் கொடுக்கிறார். "குடிடா, காலைலேர்ந்து வெறும் வயிறு." அவன் மூடியை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். "அத்தைக்கு?" என்றான். நல்ல பையன், சொன்னேனே. அவர் ஃபிளாஸ்க்கைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார். "டீச்சரம்மாவுக்குத் தண்ணிதான் நல்லது, இருமறாங்க இல்ல. வெளிய வராண்டாவுல மெஷின் இருக்கு பாருங்க டீச்சரம்மா, பேப்பர் கப்பும் வச்சிருக்காங்க." பரவாயில்லைங்க என்றேன். பேப்பர் கப். பேப்பர் கப். மனசு ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் பிறகு அங்கேயேதான் சுற்றிச் சுற்றி வரும், சேலைத் தலைப்பு சைக்கிள் சக்கரத்தில் மாட்டினாற்போல. ஒரு மூடிதான் இருக்கிறது, மகன் குடிக்கிறான், இதில் குற்றம் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது. இல்லை, விஷயம் அது இல்லை. ஜனவரியில் என் வீட்டில் அவர் காபி குடித்தது எதில்? எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், என் வீட்டில் காபி குடித்தார், என் வீட்டில் காபி குடித்தார் என்று. எவர்சில்வர் டம்ளரிலா குடித்தார்? என்னிடம் பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் ஆறு இருக்கின்றன, அப்பா வாங்கி வந்தவை, அலமாரியை விட்டு அவை இறங்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் நானே கடைக்குப் போய் ஒரு கட்டு பேப்பர் கப் வாங்கி வந்தேன். கழுவுகிற வேலை மிச்சம் என்று சொலாஞ்சிடம் சொன்னேன். அவள் கட்டைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள். என் டம்ளரில் கொடுத்து அவர் குடிக்காமல் வைத்துவிட்டால் என் மூஞ்சியை எங்கே கொண்டு போய் வைப்பது என்று பயந்து, அவருக்கு அந்தச் சங்கடமே வராமல் வழி பண்ணிக் கொடுத்தது நான். பரீட்சையே வைக்காமல் பாஸ் போட்டுவிட்டேன். பிறகு ஒவ்வொன்றாக வருகிறதே இப்போது. நிச்சயதார்த்தத்தை ஹோட்டலில் வைத்தது. அதற்கு ஊரிலிருந்து ஒரு சொந்தக்காரர்கூட வராதது. "ஊர்ல ஒரு மாதிரி பேசுவாங்க டீச்சரம்மா, கல்யாணத்த இங்க சிம்பிளா முடிச்சுக்கலாம், புள்ளைங்க பிரான்ஸ் போய் செட்டிலாவட்டும்" என்றது. நான் இன்றுவரை அவர்கள் வீட்டு வாசலைப் பார்த்ததில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போவதா கழற்றிக்கொண்டு போவதா என்ற கேள்விக்கே இடம் வைக்கவில்லை அவர்கள். கொள்ளுத்தாத்தா எதைத் துறந்து எழுதிக் கொடுத்தாரோ அதை அவர்கள் துறக்கவே இல்லை. அவர் வாங்கியதை மட்டும் கேட்டு வந்திருக்கிறார்கள். எனக்கு எப்படி இது இத்தனை மாசம் தெரியாமல் போயிற்று. தெரிந்திருக்கும். சரித்திரம் படித்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா.

ஜன்னல் வழியாக வாசல் தெரிகிறது. அடுத்த வாரம் ஜூலை பதினாலாம் தேதி, இரண்டு பேர் ஏணி வைத்து பிரெஞ்சு மூவர்ணக் கொடி கட்டுகிறார்கள். அப்பா இருந்திருந்தால் இன்றைக்கு மெடல்களைத் துடைத்துக்கொண்டிருப்பார், எலுமிச்சைத் தோல் போட்டு. அப்பா பிரெஞ்சு ராணுவம். அல்ஜீரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே அந்த ஜனங்கள் கேட்டது என்ன, இதோ சுவரில் எழுதியிருக்கிறதே, அதில் முதல் வார்த்தையைத்தான் கேட்டார்கள். எங்களுக்குச் செருப்புப் போட்டுக்கொள்ள உரிமை கொடுத்த அதே கொடியின் கீழே நின்று, உரிமை கேட்டவர்களைச் சுட வேண்டியதாயிற்று அப்பாவுக்கு. இந்த ஊரிலும்தான், முப்பத்தாறில் எட்டு மணி நேர வேலை கேட்டு மில் வாசலில் நின்றவர்களை இதே கொடியின் கீழேதான் சுட்டார்கள். அப்பா அல்ஜீரியா பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அறுபத்திரண்டில் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்து, எந்த நாடு வேண்டும் என்று ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுக்கச் சொன்னபோது பிரான்ஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாராம். வருஷா வருஷம் மெடல் குத்திக்கொண்டு கடற்கரையில் போய் நிற்பார், தேசிய கீதத்துக்கு வாய் அசைப்பார், சத்தம் வராது. நான் பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறேன். ஏன் பாடவில்லை என்று கேட்டதில்லை. எங்கள் வீட்டில் உரிமைகள் எல்லாம் இருந்தன, கேள்விகள்தான் இல்லை. என் கல்யாணமும் அப்படித்தான். எனக்கு இருபத்துமூன்று வயசு. மரியநாதன் என்ற மாப்பிள்ளை, என் பேப்பரைக் கொண்டு குடியுரிமை வாங்கிப் பாரிஸ் போக வேண்டியவர். தாலி கட்டுவதற்கு முன்னால் அதிகாரியின் முன்னே நின்று சம்மதம் சொல்ல வேண்டும். படியேறும்போது அப்பா காதில் சொன்னார், "என்ன கேட்டாலும் வுயின்னு மட்டும் சொல்லு, போதும்." வுயி என்றால் ஆமாம். சொன்னேன். அது என் வாயிலிருந்து வந்த சத்தமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, அவ்வளவு தெளிவாக வந்தது. மரியநாதன் கெட்டவர் இல்லை. பாரிஸ் பக்கம் விமான நிலையத்தில் வேலை, முதலில் வருஷம் ஒரு தடவை வந்தார், அப்புறம் கிறிஸ்துமஸுக்கு ஃபோன் என்று ஆனது, இப்போது அதுவும் சொலாஞ்ச் பேசினால்தான். நானும் கூடப் போயிருக்கலாம். வேலையை விட மனசு வரவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். மனசு வராதது வேலையை விடுவதற்கு இல்லை. அன்றைக்கு அந்த அதிகாரி என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார், கண்ணாடி போட்ட மனுஷன், ஒரு கணம் காத்துக்கூட இருந்தார். என் வாழ்க்கையில் என்னிடம் அப்படி யாரும் கேட்டதே இல்லை, அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஒரு ராஜாவின் தலையை வாங்கி, ஊரையே ரத்தக்காடாக்கி, அதற்கெல்லாம் கடைசியில் மனுஷனுக்கு மிஞ்சியது இந்த ஒரு கேள்விதானே, உனக்குச் சம்மதமா என்று ஒருவன் இன்னொருத்தியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது. நான் அதைக் காதில் வாங்காமல் பதிலை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

என் மாதிரி வினாத்தாளிலும் அதுதான் கடைசிக் கேள்வி. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் உங்கள் சொந்த விருப்பத்தோடுதான் இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறீர்களா? பதிலையும் நானே எழுதினேன், நல்ல பிரெஞ்சில், நீளமாக. ஆமாம் ஐயா, முழுக்க முழுக்க என் சொந்த விருப்பம், யாரும் என்னை வற்புறுத்தவில்லை, இந்த முடிவை நானே சுதந்திரமாக எடுத்தேன். தணிகைவேல் தன் பங்கை இரண்டே நாளில் ஒப்பித்துவிட்டான். சொலாஞ்ச் மற்ற எல்லாவற்றையும் கடகடவென்று சொல்வாள், அவனுக்குப் பிடித்த கலர் நீலம், அவனுக்குக் கத்திரிக்காய் ஆகாது, முதலில் பேசியது அவன். இந்தக் கடைசி இடத்துக்கு வந்தால் நின்றுவிடுவாள். 'ஆமாம் ஐயா' வரும், 'முழுக்க முழுக்க' வரும், அதற்கு மேல் வராது. தினமும். மறுபடி சொல்லு என்பேன். மறுபடியும் அங்கேயே நிற்பாள். இதே பிள்ளைதான் பதின்மூன்று வயசில் என் வகுப்பில் கையைத் தூக்கியவள். விடிவதற்கு முன்னால் எழுந்து ஸ்கூட்டரில் பேக்கரிக்குப் போய், மத்தியானம் வரை மாவு பிசைந்துவிட்டு வருகிறாள், களைப்பு, அதனால் மறக்கிறது என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைத்துக்கொண்டேனா. முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டின் பின்கட்டு வாடகைக்கு வருகிறது, அங்கே சொந்தமாக ஒரு ரொட்டி அடுப்பு போடலாம் என்று ஏப்ரலில் ஒரு நாள் ஆரம்பித்தாள். "எனக்கு பிரான்ஸ் போவணும்னே இல்லம்மா. ரொட்டி சுட இங்க இருந்து அங்க எதுக்குப் போவணும்?" நான் சிரித்தேன். பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு மாவு பிசைகிற ஒரே ஆள் நீதான் என்றேன். பிறகு, சரி சரி, கடைசிக் கேள்வியை இன்னொரு தரம் சொல்லு என்றேன். சொன்னேனே. அவள் என்னிடம் பதில் சொல்லிவிட்டாள், ஏப்ரல் மாசமே, தமிழிலேயே சொன்னாள், நான்தான் அதைப் பரீட்சைக்கு வராத பகுதி என்று தள்ளிவிட்டேன். இரண்டு நாளைக்கு முன்னால், தடுமாறாமல் சொல்ல ஒரு தந்திரமும் கற்றுக்கொடுத்தேன். அதிகாரியின் கண்ணைப் பார்க்காதே, அவர் நெற்றியைப் பார், பொட்டு வைக்கிற இடம், அங்கே பார்த்துக்கொண்டு சொன்னால் வார்த்தை தடைப்படாது. வாய்மொழித் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளுக்கெல்லாம் சொல்வதுதான்.

இன்னும் கதவு திறக்கவில்லை. தணிகைவேல் உள்ளே இருந்ததைவிட நேரமாகிவிட்டது போல் இருக்கிறது. வேதவல்லியம்மாளும் கதவைத்தான் பார்க்கிறார். நல்லது, நேரமாகட்டும். நின்றிருப்பாள். அந்த இடத்துக்கு வந்து நின்றிருப்பாள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என்ன ஆச்சு மத்மசேல், அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றிருப்பார். அவர் காத்திருப்பார், காத்திருக்கத் தெரிந்தவர்கள் அவர்கள், அந்த ஒன்றையாவது அவர்களுடைய புரட்சி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. தடுமாறு சொலா. என் கண்ணே, நெற்றியைப் பார்க்காதே, கண்ணைப் பார். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளை பதிலை மறக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை. மாதாவே, அவள் மறக்கட்டும். ஊர் சிரிக்கட்டும், ஹோட்டல் நிச்சயதார்த்தம் போகட்டும், இந்தம்மா தன் செருப்பை மாட்டிக்கொண்டு தன் தெருவுக்குத் திரும்பிப் போகட்டும், எனக்கு ஒன்றும் ஆகிவிடாது. வெளியே வந்ததும் கேட்டுவிடுகிறேன். இங்கே வேண்டாம், இவர்கள் முன்னால் வேண்டாம், வாசலில் வைத்து, தமிழில், ஒப்பிக்க முடியாத மாதிரி.

கதவு திறந்தது. சொலாஞ்ச் வந்தாள், கையில் பை, முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வேதவல்லியம்மாள் எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். "நல்லபடியா முடிஞ்சுதாம்மா?" "முடிஞ்சுது அத்தை" என்றாள். தணிகைவேல் பெருமூச்சு விட்டான். ஃபிளாஸ்க் மறுபடி வெளியே வந்தது, கர்ச்சீப்பால் மூடியைத் துடைத்துக் காபி ஊற்றி, வேதவல்லியம்மாள் இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "இந்தாங்க சம்பந்தி, இன்னும் சூடாத்தான் இருக்கு." இதுவரை டீச்சரம்மா, இப்போது சம்பந்தி. வாங்கிக்கொண்டேன், குடித்தேனா என்று தெரியவில்லை. வாசலுக்கு வந்தோம். ஏணிக்காரர்கள் கொடியைக் கட்டி முடித்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கடல் காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டது. அம்மாவும் பிள்ளையும் காரை எடுக்கப் போக, சொலாஞ்ச் தன் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து ஹெல்மெட்டை எடுத்தாள்.

"சொலா, நெஜமாச் சொல்லுடி. உனக்கு இதுல இஷ்டமா?"

ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் கண்ணை இல்லை. பொட்டு வைக்கிற இடத்தை.

"இதையேதாம்மா உள்ள அவரும் கடைசியா கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"நீ சொல்லிக் குடுத்ததத்தான்."

"தடுமாறலையா?"

"இல்லம்மா. இன்னிக்கு ஒரு எடத்துலகூட நிக்கல. அவருக்கு ஒரே ஆச்சரியம். இவ்ளோ அழகா பிரெஞ்சு பேசறியே, யார்கிட்ட படிச்சேன்னு கேட்டாரு." ஹெல்மெட்டை மாட்டி வாரை இழுத்தாள். "எங்கம்மா டீச்சர்னு சொன்னேன்."

வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.